தானே வாசிக்கத் தொடங்கிய பிள்ளைக்கு



திருவான்மியூரிலிருந்து பேருந்தில் வரும்போது, 'கொட்டிவாக்கம்', 'பாலவாக்கம்' என்று கடைப் பலகைகளில் உள்ள ஊர்ப் பெயர்களை உங்கள் பிள்ளை தானே வாசிக்கத் தொடங்கிவிட்டதா? மகிழ்ச்சி. ஆனால் கவனம் வேண்டிய காலம் இனிமேல்தான் வருகிறது. படிக்கத் தெரிந்துவிட்டதே என்று தாய் கதை படித்துக் காட்டுவதை நிறுத்திவிடுகிறாள். தந்தையோ படமில்லாத கனத்த நூலொன்றை வாங்கி வருகிறார். இரண்டு பக்கம் முட்டி மோதிய பிள்ளை, மூன்றாம் பக்கத்தில் அதை மூடிவைக்கிறது. பிறகு பாடநூலைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை.

நம் பிள்ளைகளின் சுமையையும் நினைத்துப் பாருங்கள். பள்ளியில் இடமிருந்து வலமாகத் தமிழும் ஆங்கிலமும். மாலை மதரசாவில் வலமிருந்து இடமாக அரபி. ஏழு வயதுக்குள் மூன்று எழுத்து முறைகள்! அரபியில் பொருள் அறியுமுன் ஒலியைத் திருத்தமாகப் பழகுகின்றனர்; அங்கே அது முறை. தாய்மொழியில் ஒலி மட்டும் போதாது. படித்தது சிரிப்பாகவோ அச்சமாகவோ முகத்தில் தெரியவேண்டும்.

அமெரிக்காவில் 1957ஆம் ஆண்டு டாக்டர் சூஸ் என்பவர், தொப்பியணிந்த பூனையின் கதையை 236 வெவ்வேறு சொற்களை மட்டும் கொண்டு எழுதினார். புதிதாக வாசிக்கும் பிள்ளைகளுக்கென்றே எழுதப்பட்ட நூல் அது. தமிழுக்கு இந்தச் சொற்கணக்கு மட்டும் போதாது. 'மரத்தின் மீது ஏறிக்கொண்டான்' என்பதைப் படித்துவிடும் பிள்ளை, 'மரத்தின்மீதேறிக்கொண்டான்' என்பதில் திணறுகிறது. 'ஏறி' என்ற சொல் 'தே'க்குள் ஒளிந்துகொண்டதே காரணம். ஆகவே நூலை வாங்குமுன் ஒரு பக்கத்தைப் புரட்டிச் சொற்களின் நீளத்தைப் பாருங்கள். சொற்களைப் பிரித்து, பெரிய எழுத்தில், பக்கத்துக்கு இரண்டு மூன்று வரிகளாக அச்சிட்டிருந்தால் நல்லது. (பாட்டி வீட்டுப் பரணில் கிடைக்கும் பழைய கதைநூல்கள் இப்போது வேண்டாம். 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய 'லை', 'னை' வடிவங்கள் பிள்ளையை மருட்டும்.)

படிநிலை குறித்த நூல்கள் இன்று தமிழில் உண்டு. பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்ப் படக்கதைகளைக் கட்டணமின்றிப் படிக்கலாம். முதல் நிலைக் கதைகள் 250 சொற்களுக்கு உட்பட்டவை. இரண்டாம் நிலையில் 600 வரை. தமிழக அரசின் வாசிப்பு இயக்கமும் 'நுழை, நட, ஓடு, பற' என நான்கு படிகளில் சிறு நூல்களை வெளியிட்டுள்ளது. எவ்வளவு அழகான பெயர்கள்! உங்கள் பிள்ளை நான்காம் வகுப்பாயினும் 'நுழை'யில் தொடங்கினால் இழுக்கில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டு, 'இது சின்னப் பிள்ளைப் புத்தகம்' என்று பறித்துவிடாதீர்கள். எளிதாக முடித்த பத்து நூல்கள் தரும் துணிவைப் பாதியில் விட்ட ஒரு பெருநூல் தராது.

வாசிக்கும்போது படத்தைக் கையால் மறைக்கும் தாய்மாரைக் கண்டிருக்கிறேன். வேண்டாம். எழுத்தைக் கூட்டி வாசித்தது சரிதானா என்று பிள்ளை படத்தில் பார்த்துத் தெளிகிறது. தடுக்கும் சொல் ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கச் சொல்லுங்கள். ஒரே பக்கத்தில் ஐந்து விரலும் மடங்கிவிட்டால், அந்நூலை நீங்கள் படித்துக் காட்டுங்கள். பிள்ளைக்கு வேறொன்று கொடுங்கள். கதை முடிந்தவுடன் 'இதனால் அறியும் நீதி என்ன?' என்று வினவுவதையும் சற்றுத் தள்ளிவையுங்கள். பரீட்சை பள்ளியிலேயே நிறைய இருக்கிறது.

பாலவாக்கத்துச் சகோதரிகளுக்குக் கோட்டூர்புரம் எட்டாத தொலைவன்று. 2010இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தில், நடுவே செயற்கை மரம் நிற்கும் தனிப் பகுதியே சிறுவர்க்கென உண்டு. ஒரு விடுமுறை நாளில் அழைத்துச் செல்லுங்கள். அடுக்கிலிருந்து நூலை எடுப்பது மட்டும் பிள்ளையின் கையாக இருக்கட்டும். போன வாரம் படித்த அதே நூலை மறுபடியும் எடுத்தாலும் சரியே.