சுரங்கத்து மழைநீரும் ஏரிப் பாசனமும்

சுரங்கத்தைப் பற்றி விவசாயப் பத்திரிகையில் எழுதுவானேன் என்று வாசகர்களிற் சிலர் வினவக்கூடும். நெய்வேலியை அடுத்துப் பரவனாற்றுப் பக்கத்தில் ஏரிப்பாசனம் செய்யும் குடியானவர்கள் அவ்வாறு வினவமாட்டார்கள். 1957-ஆம் வருஷத்தில் பழுப்பு நிலக்கரிக்காக அங்கே பூமியைத் திறக்கத் தொடங்கியது முதல், சுரங்கத்தின் மேல் விழும் மழைக்கும் அவர்களுடைய ஏரிகளுக்கும் சம்பந்தம் ஏற்பட்டுவிட்டது. நிலக்கரிப் படிவத்தின் அடியிலிருந்து இறைக்கப்படும் ஊற்றுநீர் வாலாஜா ஏரிக்கு வந்து பாசனத்துக்கு உதவுகிறது. அந்த லாபத்தை மறைப்பது நியாயமன்று. ஆனால் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மண்ணைக் கரைத்துக்கொண்டு வரும் வெள்ளத்தின் சங்கதி வேறு.

உழுது வரப்பிட்ட நிலம் மழையை நிறுத்தி உறிஞ்சும். சுரங்கத்திலிருந்து வெட்டிக் குவித்த மண்மேடோ புல்பூண்டின்றிச் சரிவாய் நிற்பது. விழுந்த நீர் அதில் தங்குவதில்லை. ஓர் ஏக்கரில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 40,000 லிட்டர் ஜலமாகும். 2015 நவம்பரில் பெய்த பெருமழையில் நெய்வேலியில் ஒரே நாளில் பதிவானது சுமார் 48 சென்டிமீட்டர். ஏக்கர் ஒன்றுக்கு இது 19 லட்சம் லிட்டருக்கு மேற்படுகிறது. இவ்வளவு நீரும் சில நாழிகைகளுக்குள் போக வழி தேடுமானால், அதன் கதியை முன்கூட்டியே யோசித்து வைப்பது யாருடைய கடமை?

வடிகால் அமைப்பில் முதல் வேலை, வெளிநிலத்து நல்ல நீரைச் சுரங்கத்துக்குள் புகவிடாமல் தடுப்பது. சுரங்கத்தைச் சுற்றி மாலைபோல் வெட்டும் வாய்க்கால் இதற்கே ஏற்பட்டது. தெளிந்த நீரையும் சேற்று நீரையும் ஒரே காலில் விட்டால், முழுவதையும் தெளியவைக்க வேண்டிய வீண் செலவு நேரும். அடுத்தது மண்மேட்டின் சரிவை உடைப்பது. நீரின் வேகம் இரு மடங்கானால் அது உருட்டிச் செல்லக்கூடிய கல்லின் எடை 64 மடங்காகும் என்பர் நீரியல் அறிந்தோர். ஆகையால் மேட்டைப் படிப்படியாக அமைத்து, படி ஒவ்வொன்றும் உட்புறமாய்ச் சாய்ந்திருக்கும்படி செய்து, கல் பதித்த இறக்குகால் வழியாக நீரை இறக்க வேண்டும். அடிவாரத்தில் கல்சுவரும், சரிவில் வெட்டிவேர் வரிசைகளும் அவசியம்.

இவற்றுக்குப் பின்னும் கலங்கிய நீர் வரவே வரும். அதைத் தெளிவிக்கும் குட்டையைக் குறித்துச் சற்று விரித்துரைக்க வேண்டியிருக்கிறது. தவறு பெரும்பாலும் இங்கேதான் நேருகிறது. அசையாத நீரில் ஒரு மீட்டர் ஆழம் இறங்குவதற்கு நுண்மணலுக்கு இரண்டொரு நிமிஷம் போதும். வண்டலுக்கு மூன்று நான்கு மணி நேரம் ஆகும். மிக நுண்ணிய களிமண் துகளுக்கோ பத்து நாட்களும் போதா. ஆகவே மணலைப் பிடித்துவிட்டு, “நீர் தெளிந்துவிட்டது” என்று திறந்துவிடும் குட்டையால் நமக்குப் பெரும் பயனில்லை. வயலில் படிந்து பொருக்குக் கட்டி, முளையை அமுக்குவது அந்தக் களிமண்ணே. துகளை அடியில் உட்காரச் செய்வதில் ஆழத்தைவிட நீர்ப்பரப்பின் விஸ்தீரணமே முக்கியம். நீர் நுழையும் வாயும் வெளியேறும் வாயும் ஒன்றுக்கொன்று மிகத் தூரத்திலிருக்க வேண்டும். மேல்நீரை மாத்திரமே வெளியே விட வேண்டும். களி தங்காவிடில் படிகாரம் போன்றவற்றைக் கலந்து திரளச் செய்யலாம். இன்னொன்று: நம் ஏரி மழைக்கு முன்பே நிரம்பியிருந்தால் நாம் மகிழ்கிறோம்; இக்குட்டையோ மழைக்கு முன் காலியாயிருந்தால்தான் உதவும்.

சுரங்கங்களுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி வழங்கும்போது, ஐம்பது வருஷத்து மழைக் கணக்கில் கண்ட உச்ச மழைக்கு மேல் நூற்றுக்கு 50 வீதம் கூடுதலாகக் கொள்ளும்படி வாய்க்காலையும் குட்டையையும் அமைக்க வேண்டுமென்று நிபந்தனை விதிப்பது வழக்கம். நல்ல நிபந்தனைதான். ஆயினும் அந்தக் கணக்கு சுரங்கத்தின் எல்லைக்கல்லோடு முடிந்துவிடுகிறது என்பதே எமது குறை. எல்லைக்கு அப்பால் அந்நீரை ஏற்கும் கால் எவ்வளவு அகலம், ஏரியின் கலிங்கு எவ்வளவு நீரைக் கழிக்கும், கரை எந்த மட்டம் வரை தாங்கும் என்பவற்றை யார் கணக்கிட்டார்கள்? வரைபடத்தை ஏரிக் கலிங்கிலிருந்து தொடங்கி மேல்நோக்கிச் சுரங்கம் வரை வரைய வேண்டும் என்பது எமது அபிப்பிராயம். ஏரி கழிக்கத்தக்க அளவே சுரங்கம் விடத்தக்க அளவாக இருத்தல் வேண்டும்.

மழைக்காலத்தில் இறைப்பதை நிறுத்தினால் ஆட்களுக்கும் யந்திரங்களுக்கும் அபாயம் நேரும் என்பது மெய்யே. நிறுத்தும்படி நாம் கோரவில்லை. நிலக்கரி எடுத்து முடிந்த பள்ளங்களில் ஒன்றை மண்ணிட்டு மூடாமல் ஒதுக்கி வைத்து, ஏரி கலிங்கு பாயும் நாட்களில் மட்டும் அதில் நீரைத் தேக்கி, வெள்ளம் வடிந்தபின் விட்டால் இரு தரப்பாருக்கும் நஷ்டமில்லை. அப்பள்ளத்தை மூடுவதற்காகும் செலவில் ஒரு பங்கு மிச்சமாகவுங்கூடும்.

தூரெடுக்கும் காலத்தைக் குறித்தும் ஒரு வார்த்தை. வாய்க்கால்களை முக்கியமாய் மழைக்காலத்துக்குப் பின் தூரெடுக்க வேண்டுமென்பது அந்நிபந்தனைகளிற் காணும் வாசகம். கடலூர்ப் பக்கத்துக்கு இது மட்டும் போதாது. தை மாதத்தில் தூரெடுத்த வாய்க்காலில் ஆனி முதல் ஆவணி வரை விட்டுவிட்டுப் பெய்யும் மழை மறுபடி மண்ணை நிரப்பிவிடும். புரட்டாசியில் இன்னொரு முறை தூரெடுத்தாக வேண்டும். அவ்வேலையை ஆயக்கட்டுதாரர்களில் இருவர் உடனிருந்து பார்வையிடுவது நலம். ஏரியின் உள்வாயில் நீர் வந்து விழும் இடத்தில் அளவுக்கல் ஒன்றை நட்டு, ஆண்டுதோறும் பங்குனியில் எத்தனை அங்குலம் மண் ஏறியிருக்கிறதென்று அவர்களே குறித்து வரலாம். மனுக் கொடுக்கும்போது அந்தக் குறிப்பையும் சேர்த்துக் கொடுக்கட்டும்.