அடுக்குக்குறிப் பெருக்கம்

நம் மாணாக்கர் நாவில் அண்மைக்காலத்தே பெரிதும் பயிலும் சொல்லொன்று உண்டு. விலைவாசி ஏறினும், கூட்டம் மிகினும், "அடுக்குக்குறி முறையில் பெருகிற்று" என்பர். உலகவழக்கில் இதனைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆயின், கணினிநூல் பயில்வோரே குமிழி வரிசையாக்கத்தின் உழைப்பு அடுக்குக்குறி முறையில் வளர்வதாகத் தேர்வுத்தாளில் எழுதுவதை யாம் ஒப்புகிலோம்.

சங்கரன்கோவிற் பூச்சந்தையில் வணிகர் ஒருவர் தம் சீட்டுகளை எண்வரிசையில் அடுக்குவதாகக் கொள்வோம். அடுத்தடுத்த இரு சீட்டுகளை ஒப்பிட்டு, முறை பிறழ்ந்திருப்பின் இடம் மாற்றிச் செல்லுதலே குமிழி முறை. இதற்கு, 10 சீட்டுகளாயின் 45 ஒப்பீடுகளுக்கு மேல் வேண்டா. 100 ஆயின் 4,950. 1,000 ஆயின் 4,99,500. சீட்டு பத்து மடங்காக, உழைப்பு ஏறக்குறைய நூறு மடங்காகிறது. இஃது இருபடிப் பெருக்கமேயன்றி வேறன்று.

அடுக்குக்குறிப் பெருக்கமோ, ஒரு சீட்டு கூடுந்தோறும் முழு உழைப்பும் இரட்டிப்பது போல்வது. 10 சீட்டுகளுக்கு 1,024 ஆவது, 20 சீட்டுகளுக்கு 10,48,576 ஆகும். 100 சீட்டுகளுக்கோ 31 இலக்கமுடைய எண்ணாகும். சதுரங்கக் கட்டந்தோறும் அரிசியை இரட்டித்துக் கேட்கப்பெற்ற அரசன் சொல் காக்கமாட்டாது திகைத்ததாக அம்பலப்புழைக் கோயிலைப் பற்றி வழங்கும் கதை இதற்குத் தக்க சான்று.

"இரண்டும் விரைந்து வளர்வனவே, பெயரில் என்ன உளது?" என்பாரும் உளர். பெயர் பிழைத்தால் தீர்ப்பும் பிழைக்கும் என்போம். இன்றுள்ளதினும் 1,000 மடங்கு விரைவுடைய பொறி கிடைப்பினும், இரட்டித்து வளரும் வினையில் அதே நேரத்துள் 10 சீட்டுகளே மிகுதியாக அடங்கும். இருபடி வினையிலோ சீட்டுத்தொகை ஏறத்தாழ 31 மடங்காகும். முன்னதற்குப் பொருள் செலவிட்டுப் பொறி வாங்குதல் வீண். பின்னதற்கு அது பயன்தரும். இவ்வேறுபாடு அறியாதான், முடிவதை முடியாதென்று கைவிடுவான். முடியாததை முடியுமென்று வாக்களிப்பான்.

நெறியை மாற்றினால் வரும் நன்மை இதனினும் பெரிது. ஜான் வான் நாய்மன் 1945ஆம் ஆண்டில் வகுத்த இணைப்பு வரிசையாக்கம், அந்த 1,000 சீட்டுகளையே 10,000க்குக் குறைந்த ஒப்பீடுகளில் அடுக்கித் தரும்.

ஆதலின் மாணாக்கர்காள், வியப்பைக் காட்ட வேறு சொற்கள் பலவுள. அளவைக் குறிக்கும் சொல்லை அதற்குச் செலவிடாதீர். படிக்கல் பிழைத்த தராசில் நிறுத்த பூவுக்கு விலை பேசுவார் யார்?