எழுபது வளைவுகளும் ஒரு மணி நேரமும்

கூட்டமாகப் பிரயாணம் செய்வது தமிழர்களுக்குப் புதிதல்ல. பழனிக்குக் காவடி எடுப்பவர்கள் கூட்டமாகத்தான் நடக்கிறார்கள். சபரிமலைக்கு மாலை போட்டுக்கொள்கிறவர்களும் ஒரு குருசாமியைத் தேடிப் பிடித்து, அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டே இருமுடியைத் தலையில் ஏற்றுகிறார்கள். ஆகவே, இக்காலத்து வாலிபர்கள் பத்துப் பன்னிரண்டு பேராகச் சேர்ந்து மோட்டார் சைக்கிள்களில் மலைகளை நோக்கிப் புறப்படுகிறார்கள் என்றால், அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஆனால் பெற்றோர்களுக்கு வேண்டியது ஆச்சரியமல்ல, தைரியம். "பையன் போகட்டுமா, வேண்டாமா?" என்று பள்ளிக்கூட வாசலில் நம்மை நிறுத்திக் கேட்கும் தகப்பனார்கள் அநேகர். இப்போது "பெண் போகட்டுமா?" என்ற கேள்வியும் வந்துவிட்டது. கேள்விப்பட்டதை வைத்துக்கொண்டு அபிப்பிராயம் சொல்வது தர்மமல்ல என்று தோன்றியபடியால், சேலத்திலிருந்து கொல்லிமலைக்குக் கிளம்பிய ஒரு கோஷ்டியில் நாமும் ஒருவராகச் சேர்ந்துகொண்டோம்.

முதலில் வாகனங்களைப் பற்றி ஒரு வார்த்தை. கோஷ்டியில் பதினொரு வண்டிகள் இருந்தன. அவற்றில் நான்கு புல்லட் வண்டிகள். இந்தப் புல்லட்டின் சரித்திரம் சுதேசிப் பற்றுள்ளவர்கள் அறிந்திருக்க வேண்டியது. இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் பிறந்த வண்டி அது. 1955-ஆம் வருஷத்தில் சென்னையிலிருந்த மதராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் ரெட்டிச் கம்பெனியும் கூட்டுச் சேர்ந்து, திருவொற்றியூரில் தொழிற்சாலை அமைத்தன. பிற்பாடு இங்கிலாந்துக் கம்பெனி கதவைச் சாத்திவிட்டது. திருவொற்றியூர்க் கதவு சாத்தப்படவில்லை. 1977 முதல் நம் ஊர்ப் புல்லட் இங்கிலாந்துக்கே கப்பலேறத் தொடங்கியது. பிறந்த வீட்டுக்குச் சீர் கொண்டுபோன பெண்ணைப் போல் அது போனதை நினைத்தால், அதன் 'தடதட' சப்தத்தைக்கூட ஒருவாறு மன்னித்துவிடலாம்.

இனி, மலை. கிழக்குத் தொடர்ச்சி மலையில், நாமக்கல் ஜில்லாவில், கடல் மட்டத்துக்குச் சுமார் நாலாயிரம் அடி உயரத்தில் இருப்பது கொல்லிமலை. கடையெழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட நாடு. அம்மலையைக் காத்து நின்ற கொல்லிப்பாவை என்ற தெய்வப் பதுமையைப் பற்றிப் பழைய நூல்கள் பேசுகின்றன. பகைவர் வந்தால் அப்பாவை அழகாகச் சிரிக்குமாம். சிரிப்பில் மயங்கி அருகில் போனவன் உயிரோடு திரும்பமாட்டானாம். இன்று காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே போகும் சாலையைப் பார்க்கும்போது, பாவை எங்கும் போய்விடவில்லை என்றே நமக்குத் தோன்றியது. அச்சாலையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் இலக்கம் எழுதிப் பலகை நட்டிருக்கிறார்கள். ஒவ்வொன்றும் வாலிபர்களைப் பார்த்து மிக அழகாகச் சிரிக்கிறது.

கோஷ்டித் தலைவர் ஒரு மின்சாரச் சாமான் கடைக்காரர். வயது ஐம்பதுக்கு மேல். எல்லோரும் அவரை "அண்ணா" என்று அழைத்தார்கள். விடியற்காலை ஐந்தரை மணிக்குச் சேலத்தில் கூடியபோது அவர் மூன்று விதிகளைச் சொன்னார். தலைவரை யாரும் முந்தக்கூடாது. கடைசியில் வருவதற்கென்று நியமிக்கப்பட்டவருக்குப் பின்னால் யாரும் தங்கக்கூடாது என்பது முதல் விதி. சமவெளியில் ஒருவர் சற்று வலப்புறமும் அடுத்தவர் சற்று இடப்புறமுமாக, இரண்டு விநாடி இடைவெளி விட்டு ஓட்ட வேண்டும். மலையில் ஒற்றை வரிசை என்பது இரண்டாவது விதி.

மூன்றாவது விதிதான் நம்மைச் சிந்திக்க வைத்தது. "ஒவ்வொருவரும் தமக்குப் பின்னால் வருகிறவருக்குப் பொறுப்பு. கண்ணாடியில் அவர் தெரியவில்லையென்றால் வேகத்தைக் குறையுங்கள். அப்போதும் தெரியாவிட்டால் ஓரமாக நிறுத்துங்கள். சாலை பிரியும் இடத்தில், பின்னால் வருகிறவர் உங்களைப் பார்க்கிற வரையில் அங்கிருந்து நகரக்கூடாது" என்றார் அவர். இதன் சூட்சுமத்தைப் பாருங்கள். கடைசி வண்டி நின்றால் அதற்கு முன் வண்டி நிற்கும். அதைப் பார்த்து அதற்கு முன்னது நிற்கும். டெலிபோன் எட்டாத மலைக்காட்டிலும், வாலில் நேர்ந்த சங்கடம் சில நிமிஷங்களில் தலைக்குத் தெரிந்துவிடும்.

விதிகளைச் சொல்லி முடித்ததும் தலைவர் ஒவ்வொரு வண்டியாகப் பார்த்துக்கொண்டே வந்தார். டயர், பிரேக், விளக்கு எல்லாம் சரியாக இருந்தன. கடைசியாக ஒரு வாலிபனிடம் வந்து நின்றார். பையன் இன்ஜினீயரிங் படிப்பை முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கிறவன். வண்டி புதியது, சட்டை புதியது, தலையில் மட்டும் ஒன்றுமில்லை. "தலைக்கவசத்தை அத்தை வீட்டில் வைத்துவிட்டேன் அண்ணா. வழியில் வாங்கிக்கொள்கிறேன்" என்றான். அத்தை வீடோ ஊரின் மறுகோடியில் இருந்தது. போய்வர ஒரு மணி நேரம்.

உடனே கோஷ்டியில் இரண்டு கட்சிகள் உண்டாகிவிட்டன. "காரவள்ளி வரையில் சமவெளிதானே, மெதுவாக வரட்டும்" என்றது ஒரு கட்சி. "அவனை விட்டுவிட்டுப் போவோம், பத்துப் பேருடைய காலை நேரத்தை ஒருவனுக்காக ஏன் பாழாக்க வேண்டும்?" என்றது மற்றொரு கட்சி. இரண்டு பக்கத்திலும் நியாயம் இருப்பதாகவே தோன்றியது. வெயில் ஏறுவதற்குள் மலைமேல் போய்விட வேண்டும் என்பதற்காகத்தானே எல்லோரும் நாலு மணிக்கு எழுந்து வந்திருந்தார்கள்?

தலைவர் சத்தம் போடவில்லை. "கவசமில்லாமல் இவனைக் கூட்டிக்கொண்டு போகமாட்டேன். சேர்த்துக்கொண்ட பிறகு விட்டுவிட்டும் போகமாட்டேன். தம்பி, நீ போய் எடுத்துக்கொண்டு வா. அவசரப்படாதே. நாங்கள் காப்பி சாப்பிடுகிறோம்" என்றார். பையன் தன் வண்டியில் போகவும் அவர் சம்மதிக்கவில்லை. கவசமணிந்த இன்னொருவரைப் போகச் சொல்லி, அத்தைக்குப் போன் செய்யச் செய்தார். ஒரு மணி நேரம் கழித்துக் கவசம் வந்தது. அதற்குள் ஹோட்டல்காரர் இரண்டு சுற்றுக் காப்பி விற்றுவிட்டார்.

பிறகு ராசிபுரம், மசாலாச் சாமான் சந்தைக்குப் பெயர்போன பேளுக்குறிச்சி, காரவள்ளி என்று ஊர்கள் கடந்தன. மலையேற்றம் ஆரம்பித்தது. கொண்டை ஊசி வளைவில் ஏறுவதற்கு ஒரு சாஸ்திரம் இருக்கிறது. கியரை வளைவுக்கு முன்பே மாற்றிக்கொள்ள வேண்டும். வளைவின் நடுவில் மாற்றப் போனால் வண்டி திணறி நின்று சாய்ந்துவிடும். பார்வை முன்சக்கரத்தின் மேல் இருக்கக்கூடாது. வளைவு முடிந்து வெளியேறும் இடத்தில் இருக்க வேண்டும். கண் போன வழியில்தான் வண்டி போகும். பஸ்ஸும் லாரியும் திரும்புவதற்குச் சாலையின் முழு அகலமும் வேண்டியிருப்பதால், மேலே ஹாரன் சப்தம் கேட்டால் வளைவுக்குக் கீழேயே நின்றுவிட வேண்டும். குறுகலான மலைச் சாலையில் இறங்குகிறவன் ஏறுகிறவனுக்கு வழிவிட வேண்டும் என்று விதி இருப்பது வாஸ்தவந்தான். ஆனால் விதியைப் படிக்காத லாரியோடு வளைவில் நின்று வாதாட முடியாது.

மலைமேல் பலா, வாழை, அன்னாசித் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டு செம்மேட்டுக்குப் போனோம். அங்கே வில்லேந்திய ஓரியின் சிலை இருக்கிறது. பிறகு அறப்பளீசுவரரைத் தரிசித்துவிட்டு, ஆயிரத்துக்கும் அதிகமான படிகளில் இறங்கி, ஆகாய கங்கை அருவியைக் கண்டோம். அருவியின் அழகைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். படிகளின் ஓரத்தில் கிடந்த தண்ணீர்ப் புட்டிகளைப் பற்றி எழுதத்தான் ஆளில்லை. மலைமேல் வாழும் மலையாளி மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சாமையும் தினையும் கேழ்வரகும் பயிரிட்டுக் காப்பாற்றி வந்த பூமி அது. விருந்தாளியாகப் போகிறவன் குப்பையைப் போட்டுவிட்டு வருவதும், சப்தம் அதிகமாக வரும்படி புகைக்குழாயை மாற்றிக்கொண்டு பள்ளிக்கூடத்துப் பக்கம் உறுமுவதும் எந்த ஊர் மரியாதை? நம் கோஷ்டியில் இரண்டு பெண்களும் வண்டி ஓட்டி வந்திருந்தார்கள். அவர்களில் ஆஸ்பத்திரித் தாதியாக இருப்பவர், ஒன்றும் பேசாமல் ஒரு சாக்கை எடுத்துப் புட்டிகளைப் பொறுக்க ஆரம்பித்தார். மற்றவர்களும் குனிந்தார்கள்.

பிற்பகலில் மழை பிடித்துக்கொண்டது. இறங்கும் வேளையில் மேகம் சாலைமேல் வந்து படுத்துவிட்டது. ஏறுவதைவிட இறங்குவது கடினம். வண்டியை நியூட்ரலில் விட்டு உருட்டினால் பெட்ரோல் மிச்சம் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அப்போது என்ஜின் வண்டியைப் பிடித்து நிறுத்தாது. பாரம் முழுவதும் பிரேக்கின் தலையில் விழும். பிரேக் சூடேறினால் பிடிப்புத் தளரும். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்று லாரிக்காரர்கள் சொல்வது அனுபவ வேதம்.

பாதி மலை இறங்கியிருப்போம். தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டார். கண்ணாடியில் நீராவி படிந்து வழி தெரியவில்லை; கை நடுங்கியது. மூன்றாவது விதியின்படி ஒவ்வொரு வண்டியாக நின்றது. கொஞ்ச நேரத்தில் தலைவரும் நடந்தே மேலே வந்துவிட்டார். "நீங்களெல்லாம் போங்கள், நான் மழை விட்டதும் வருகிறேன்" என்றார் பெரியவர். யாரும் பதில் சொல்லவில்லை. காலையில் எல்லோரையும் காக்க வைத்த அந்தப் பையன்தான், "ஐயா, நான் உங்களுக்கு முன்னாலேயே போகிறேன். என் சிவப்பு விளக்கை மட்டும் பார்த்துக்கொண்டு வாருங்கள்" என்றான். சைக்கிள் வேகத்தில் பதினொரு வண்டிகளும் இறங்கின. அடிவாரம் வந்து சேரும்போது விளக்கு வைக்கும் நேரமாகிவிட்டது.

அவ்வளவுதான். யாரும் விழவில்லை, ஒருவருக்கும் காயமில்லை. காலையில் வந்த கவசத்தின் மேல் ஒரு கீறல்கூட விழவில்லை. "ஒரு மணி நேரம் வீணாகப் போயிற்றே!" என்று திரும்பும் வழியில் ஒருவர் சொன்னார். இந்த வார்த்தைக்காகத்தான் நாம் இவ்வளவும் எழுதுகிறோம். ஜாக்கிரதையின் துரதிருஷ்டம் என்னவென்றால், அது பலித்த இடத்தில் சொல்வதற்குக் கதை இருப்பதில்லை. கதை வேண்டுமானால் சர்க்காரின் கணக்கைப் பார்க்க வேண்டும். 2022-ஆம் வருஷத்தில் மட்டும் நம் தேசத்தின் சாலைகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர். அவர்களில் ஏறக்குறைய 75,000 பேர் இருசக்கர வண்டிகளில் போனவர்கள். தலைக்கவசம் அணியாமல் இறந்தவர்கள் 50,029 பேர். இவர்களில் எத்தனை பேர் 'வழியில் வாங்கிக்கொள்ளலாம்' என்று கிளம்பினார்களோ! எத்தனை பேருக்காக ஒரு மணி நேரம் காத்திருக்க ஆளில்லாமல் போயிற்றோ!

1930-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் ராஜாஜியின் தலைமையில் சுமார் நூறு தொண்டர்கள் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்தார்கள். அவர்கள் பாடிச் சென்ற பாட்டை இயற்றியவர் இதே நாமக்கல்லின் கவிஞர் ராமலிங்கம் பிள்ளை. ஏறக்குறைய நூற்றைம்பது மைல், பதினைந்து நாட்கள். அந்தத் தொண்டர்களில் நல்ல தேகபலமுள்ள ஒருவர் மற்றவர்களை விட்டுவிட்டு ஓடிப்போய், ஐந்தாம் நாளே ஒரு பிடி உப்பை அள்ளியிருந்தால் அதை யாராவது ஞாபகம் வைத்திருப்பார்களா? முந்திப் போவதில் இல்லாத பலம் சேர்ந்து போவதில் இருக்கிறது என்பதை இந்தத் தேசம் நடந்து காட்டித்தான் சுதந்திரம் பெற்றது.

ஆகையால் பெற்றோர்களுக்கு நாம் சொல்வது இதுதான். பையனையோ பெண்ணையோ தடுக்க வேண்டாம். மலையும் மழையும் அவர்களுக்குப் பாடப்புத்தகத்தில் கிடைக்காதவை. ஆனால் "என்ன வண்டி? எத்தனை மைல் வேகம்?" என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். "உங்கள் கோஷ்டியில் கடைசியில் வருகிறவர் யார்? அவர் நின்றால் நீங்கள் நிற்பீர்களா?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தால் தாராளமாக அனுப்புங்கள். தெரியாவிட்டால், அது கோஷ்டியல்ல. ஒரே சாலையில் தனித்தனியாகப் போகும் பதினொரு பேர். அப்படிப் போகிறவர்களைப் பார்த்துச் சிரிப்பதற்குத்தான் கொல்லிப்பாவை காத்துக்கொண்டிருக்கிறாள்.