பெட்டைக்குட்டி வேண்டாமாம்

பேஸ்புக்கில "நாய்க்குட்டி தேவை" எண்டு வாற பதிவுகளை ஒருக்கா இருந்து வாசிச்சுப் பாருங்கோ. நிறம் எதுவெண்டாலும் பரவாயில்லை, சாதி எதுவெண்டாலும் பரவாயில்லை. ஒரு நிபந்தனை மட்டும் தவறாது: கடுவன் மட்டும். "குட்டிகள் இலவசம்" எண்டு யாரும் போட்டால் கீழ வாற முதல் கேள்வி "கடுவன் இருக்கா?" ரெண்டு நாளில கடுவன் எல்லாம் போயிடும். மிஞ்சுற பெட்டைகளுக்கு ஆள் வராது. கண் திறந்து, நடக்கப் பழகி, சோறு தின்னத் தொடங்கின பிறகு அதுகளை உரப்பைக்குள்ள போட்டுக் கொண்டுபோய் சந்தையடியிலயோ கோயில் வீதியிலயோ விட்டிட்டு வருவினம். "அங்க சாப்பாடு கிடைக்கும்" எண்டு ஒரு சமாதானமும் இருக்கும்.

இதைச் செய்யிறவை கொடுமைக்காரர் இல்லை. எங்கட அம்மாமார், மாமாமார், பக்கத்து வீட்டு அக்காதான். அதனாலதான் இதை எழுத வேண்டியிருக்கு.

எல்லாரும் சொல்லுற காரணம் ஒண்டுதான்: பெட்டை குட்டி போட்டுத் தள்ளும். சரி, கணக்கைப் பார்ப்பம். ஒரு பெட்டை நாய் பெரும்பாலும் ஆறு மாசத்துக்கும் ஒரு வருசத்துக்கும் இடையில முதல் தடவை பருவத்துக்கு வரும். பிறகு வருசத்துக்கு ரெண்டு தரம் அளவில, ஒவ்வொரு தரமும் ஏறக்குறைய மூண்டு கிழமை. சினைப்பட்டால் 63 நாளளவில குட்டி. ஆக ஒரு பெட்டையால வருசத்துக்குக் கூடினது ரெண்டு ஈத்து. உங்கட வீட்டுக் கடுவனுக்கு அப்பிடி ஒரு கணக்கே இல்லை. பொழுதுபட்டதும் கேற்றைத் திறந்து விடுறியள். விடியக்காலமை அது வந்து படுக்குது. இடையில எத்தினை ஒழுங்கையால போய் வந்தது எண்டு உங்களுக்குத் தெரியாது. அது தகப்பனான குட்டிகள் வேற ஆரின்ரயோ விறகுக் கொட்டிலுக்குள்ள, பூட்டின கடையொண்டின் பின்பக்கத்தில, மதகுக்குக் கீழ பிறக்குது. உங்கட முற்றத்தில பிறக்கேல்லை, அவ்வளவுதான். கடுவன் வளர்க்கிறதால ஊரில ஒரு குட்டிகூடக் குறையிறதில்லை. அந்தச் செலவும் பாவமும் அடுத்த வீட்டுக்கு மாறுது.

அந்தக் கடுவனுக்காவது இதில சுகமா எண்டால் அதுவும் இல்லை. பருவத்துக்கு வந்த பெட்டையின்ர மணம் பிடிச்சுப் போனால் மூண்டு நாலு நாளைக்குச் சோறு தண்ணி இல்லை. பத்து நாயோட கடிபட்டுக் காது கிழிஞ்சு வரும். அந்தப் புண்ணில இலையான் மொய்ச்சுப் புழு வைக்கும். பிரதான வீதியைக் கடக்கேக்க பஸ்ஸில அடிபட்டுப் போறதும் இப்பிடி அலையிறதுகள்தான். இதைவிட, புணர்ச்சியால ஒரு நாயிலயிருந்து மற்ற நாய்க்குப் பரவுற ஒரு வகைக் கட்டி இருக்கு. குறியில பூக்கோவா மாதிரிப் பிதுங்கி இரத்தம் வடியும். கடுவனுக்கும் வரும், பெட்டைக்கும் வரும். கிழமைக்கொரு ஊசியாப் பல கிழமை போட்டால் பெரும்பாலும் மாறிவிடும். ஆனா கடுவன் வேணும் எண்டு நிண்ட எத்தினை பேர் அந்த ஊசிக்குக் கொண்டுபோகினம்?

"அப்ப கடுவனுக்கு ஒப்பரேசன் செய்யுங்கோவன்" எண்டு சொல்லிப் பாருங்கோ, அப்பதான் உண்மையான காரணம் வெளியில வரும். "சீ பாவம், அதின்ர ஆம்பிளைத்தனம் போயிடும்." "பிறகு காவல் காக்காது, சோம்பேறியாப் போயிடும்." பெட்டையின்ர வயித்தை வெட்டித் திறந்து கர்ப்பப்பையை எடுக்கிறதைப் பற்றிக் கதைக்கேக்க ஒருத்தரும் "பெண்மை போயிடும்" எண்டு கவலைப்படுறதில்லை. கடுவனுக்குச் செய்யிறது அதைவிடச் சின்ன வேலை. வயித்தைத் திறக்கத் தேவையில்லை, காயமும் கெதியா ஆறும். விதை எடுத்த நாய் அலையிறது, கண்ட இடமெல்லாம் காலைத் தூக்கி மூத்திரம் பெய்யிறது, மற்றக் கடுவனோட கடிபடுறது இதுகள்தான் பெரும்பாலும் குறையும். கேற்றடியில புது ஆள் வந்தால் குலைக்கிற பழக்கம் போறதில்லை. உண்மையில இரவில அது வீட்டிலயே நிக்கிறதால காவல் கூடுது எண்டுதான் சொல்லோணும். ஊர் சுத்துற நாய் எந்த வீட்டைக் காக்குது?

குணத்தைப் பற்றின கதைகளும் இருக்கு. கடுவன் விசுவாசம், பெட்டை சாந்தம், கடுவன் விளையாட்டு, பெட்டை முசுடு. ஒவ்வொரு யூரியூப் சனலும் ஒவ்வொண்டு சொல்லும். பொதுவாக் கடுவன் கொஞ்சம் பெரிசா வளரும், கூட இடம் பிடிக்கப் பார்க்கும் எண்டது சரி. ஆனா ஒரு நாய் மனுசரோட எப்பிடி இருக்கும் எண்டதைத் தீர்மானிக்கிறதில தாய் தகப்பனின்ர குணம், சாதி, மூண்டாம் கிழமையிலயிருந்து மூண்டு மாசம் வரைக்கும் அது எத்தினை மனுசரை, சத்தங்களை, மற்ற நாய்களைக் கண்டு பழகினது எண்டதெல்லாம் பால் வித்தியாசத்தைவிடப் பெரிய விசயங்கள். ஒரே ஈத்தில பிறந்த ரெண்டு கடுவனுக்குள்ளயே மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம் இருக்கும். சோவியத்காரர் விண்வெளிக்கு நாய் அனுப்பேக்க மொஸ்கோத் தெருவில திரிஞ்ச பெட்டைகளைத்தான் தேடிப் பிடிச்சவை. 1957 இல போன லைக்கா பெட்டை. 1960 இல போய் உயிரோட திரும்பி வந்த பெல்காவும் ஸ்ரெல்காவும் பெட்டை. காலைத் தூக்காததால அந்தச் சின்னக் கூட்டுக்குள்ள கழிவு சேகரிக்கிற உடுப்பு அதுகளுக்கு வசதி எண்டது ஒரு காரணம். அமைதியா இருக்கும் எண்டது இன்னொண்டு. லைக்காவுக்குச் செய்தது அநியாயம், அது வேற கதை. ஆனா எங்கட சந்தையடியில கிடக்கிற மாதிரி ஒரு பெட்டை நாய்தான் பூமியைச் சுத்தின முதல் உயிர்.

இப்ப ஊரில நாய்க் கண்காட்சிக் கனவோட ஜேர்மன் ஷெப்பேர்ட்டும் ரொட்வைலரும் வாங்குற பெடியளுக்கும் ஒரு கதை. நீங்களும் கடுவனைத்தான் கேக்கிறியள். பெரிய தலை, அகண்ட நெஞ்சு, படத்தில எடுப்பா இருக்கும். இதில நியாயம் கொஞ்சம் இருக்கு. நீள மயிர்ச் சாதிகளில பெட்டைக்குப் பருவத்துக்குப் பிறகும் குட்டி போட்ட பிறகும் மயிர் கொட்டும், அந்த நேரம் மேடைக்குக் கொண்டுபோக ஏலாது. ஆனா கண்காட்சியில கடுவனும் பெட்டையும் முதல் சுற்றுகளில வேற வேறயாத்தான் நிக்கும். கடைசியிலதான் ரெண்டும் மோதும். அங்கயும் பெட்டை தோக்கிறதில்லை. 2024 இல நியூயோர்க் வெஸ்ற்மின்ஸ்ரர் கண்காட்சியில முதலிடம் எடுத்த சேஜ் ஒரு மினியேச்சர் பூடில் பெட்டை. 2025 இல இங்கிலாந்தின் கிரஃப்ற்ஸில வெண்ட மியூச்சா ஒரு விப்பெற் பெட்டை. தொழில் தெரிஞ்சவையிட்டக் கேட்டுப் பாருங்கோ, நல்ல பெட்டைதான் அவையின்ர முதல். கடுவன் சொந்தமா இருக்கத் தேவையில்லை. இணை சேர்க்கக் காசு குடுத்தோ ஒரு குட்டி குடுத்தோ எடுக்கலாம். அந்த நாய்களின்ர ஒப்பரேசன் பற்றி இங்க நான் வாதாட வரேல்லை. இனவிருத்திக்கு உகந்த நாயைத் தெரிவு செய்யிறதுக்காக வந்ததுதான் இந்தக் கண்காட்சி, கடுவனுக்கு விதை ரெண்டும் ஒழுங்கா இறங்கியிருக்கோ எண்டு மேடையில பார்க்கிறதே அதுக்குத்தான். நான் கேக்கிறது, மேடைப் பக்கமே போகாத நூறு பேர் அந்த ஆசையைக் காட்டி ஒவ்வொரு பருவத்துக்கும் பெட்டையை இணை சேர்த்துக் குட்டி வித்துப்போட்டு, வயசு போனதும் முலை தொங்கத் தெருவில விடுறதைப் பற்றி.

பெட்டை வளர்க்கிறது சுலபம் எண்டு பொய் சொல்லமாட்டன். பருவத்துக்கு வந்தால் தரையில இரத்தத் துளி இருக்கும், கேற்றடியில கடுவன்கள் வரிசையா நிக்கும், வேலிக்கு மேலால பாயும். ஒப்பரேசனுக்குச் செலவு இருக்கு, பத்து நாள் காயத்தை நக்க விடாமல் பார்க்கோணும். நாள்கூலிக்குப் போற வீட்டில இது சின்ன விசயம் இல்லை. ஆனா ஒருக்காச் செய்தால் குட்டிப் பிரச்சினை முடிஞ்சுது, கர்ப்பப்பையில சீழ் கட்டுற வருத்தமும் முடிஞ்சுது. அந்தச் சீழ் வருத்தம் வயசான பெட்டைகளைக் கொல்லுறது. 2006 இலயிருந்து தெருநாய்களைக் கொல்லுறதில்லை எண்டதுதான் இந்த நாட்டின்ர கொள்கை. கொல்லக் கூடாது எண்டதில எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனா கொல்லாமல் விடுறதெண்டால் விசர்நாய்த் தடுப்பூசியும் கருத்தடையும் ஒழுங்கா நடக்கோணும். பிரதேச சபைக் கூட்டங்களில "கட்டாக்காலி நாய்த் தொல்லை" எண்டு மட்டும் கதைக்கிறவை, கருத்தடைக்கு இந்த வருசம் எவ்வளவு ஒதுக்கினவை எண்டதையும் அதே கூட்டத்தில சொல்லட்டும்.

இன்னொண்டையும் சொல்லாமல் விட ஏலாது. எங்கட ஊரில நாய்க்கும் பெட்டை, பிள்ளைக்கும் பெட்டை. "பெட்டையெண்டால் பொறுப்பு, பெடியன் எண்டால் அவிட்டு விடலாம்" எண்ட வசனம் எங்க தொடங்கி எங்க போனது எண்டு எனக்குத் தெரியாது. ஆனா ரெண்டு இடத்திலயும் ஒரே குரலிலதான் கேட்டிருக்கிறன். வெளியில போய் வாறவனைக் கேள்வி கேக்காமல், வீட்டில நிக்கிறவளைச் சுமை எண்டுறது நாய்க்குட்டி விசயத்திலயும் அப்பிடியே வந்து குந்தியிருக்கு.

குட்டி எடுக்கப் போறியளா? தாயைப் பாருங்கோ, ஆளைக் கண்டு ஓடுதா, கிட்ட வருதா எண்டு. குட்டிகளுக்கு முன்னால குந்தி இருந்து கையைத் தட்டுங்கோ. வாலை ஆட்டிக்கொண்டு வந்து விரலைக் கடிக்கிறது பெட்டையெண்டால் அதைத் தூக்குங்கோ. ஆறாம் மாசத்துக்கு முன்னமே மிருக வைத்தியரிட்டப் போய் எப்ப ஒப்பரேசன் செய்யலாம் எண்டு கேளுங்கோ. பெரிய சாதியெண்டால் கொஞ்சம் பிந்தச் சொல்லுவினம். ஓட்டோவில இடமிருந்தால் பக்கத்து வீட்டுக் கடுவனையும் ஏத்திக்கொண்டு போங்கோ.