பரணில் இருந்த படங்கள்

1987 அக்டோபர் 9ஆம் நாள் சேப்பாக்கத்தில், உலகக் கோப்பை ஆட்டத்தில், நம்மவர் ஒரே ஓட்டத்தில் ஆஸ்திரேலியரிடம் தோற்றதை எண்ணிப் பெருமூச்செறிவோர் இன்றும் உளர். அந்நாளில் 'பிக் ஃபன்' பபிள்கம்மோடு ஆட்டக்காரர் படங்கள் வந்தன. அவற்றில் ஓட்டங்களும் விக்கெட்டுகளும் குறிக்கப்பட்டிருக்கும். வேண்டிய அளவு சேர்த்தால் பரிசு உண்டு. சிறுவர்க்கு அதுவே செல்வம்.

ஈக்காட்டுத்தாங்கலில் நாம் இல்லங்களைச் சந்திக்கையில் நடுவயதுத் தந்தையர் சிலர் இப்படங்களைப் பற்றிப் பேசக் கேட்டிருக்கிறோம். ஒருவருடையவை 2015 டிசம்பரில் அடையாறு பெருகி வந்தபோது தகரப்பெட்டிக்குள்ளேயே கூழாயின. அவர் ஆற்றை நோவதில்லை. மற்றொருவருடையவற்றை, கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு வெள்ளையடிக்கையில், அன்னையார் அடுப்பிலிட்டாராம். இன்றும் அவர் அதனைச் சொல்லிக்காட்டுகிறார்; எண்பது வயது அன்னையோ வாய் திறவாது செபமாலையை உருட்டுகிறார். அவர் பக்கமே நம் மனம் சாய்கிறது.

அமெரிக்காவில் மிக்கி மேன்ட்டில் என்னும் பேஸ்பால் வீரரின் 1952ஆம் ஆண்டுப் படமொன்று 2022இல் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. விலை ஏறியதேன்? பிள்ளைகளின் படங்களைக் குப்பையில் எறிந்த அன்னையர் அங்கும் பலர். எல்லாரும் பேணியிருந்தால் இத்துணை விலை ஏது?

ஆயினும் தாய்மாரே, பரணைத் துப்புரவாக்குமுன் பிள்ளையிடம் ஒரு சொல் கேட்டுவிடுங்கள். அந்த மகனிடமும், விழாவுக்குமுன் அன்னையிடம் அன்பாய் ஒரு சொல் பேசுமாறு கூறியுள்ளோம். இன்னும் விடை வரவில்லை.