விருந்தினர் வந்த பிறகுதான் விருது வந்தது

ஜமைக்காவின் டூட்ஸ் ஹிபர்ட் 2020 செப்டெம்பர் 11ஆம் திகதி, தனது 77ஆவது வயதில் கிங்ஸ்டனில் காலமானார். 'ரெகே' என்ற சொல்லை முதன்முதலில் பாடலுக்குள் கொண்டுவந்தவர் என்று பொதுவாக அறியப்படுபவர் அவர். 'டூ த ரெகே' என்ற அந்தப் பாடல் வெளியானது 1968இல். அவரது மேய்டல்ஸ் குழுவுக்குக் கிராமி விருது கிடைத்தது 2005இல். இடையில் 37 ஆண்டுகள்.

விருதைப் பெற்றுக்கொடுத்தது 2004இல் வெளியான 'ட்ரூ லவ்' என்ற அல்பம். அதிலுள்ளவை பெரும்பாலும் அவரது பழைய பாடல்கள்தான். எரிக் கிளப்டன், கீத் ரிச்சர்ட்ஸ், போனி ரைட், நோ டவுட் குழுவினர் என விருந்தினர்கள் அவற்றில் சேர்ந்துகொண்டார்கள். வில்லி நெல்சன் தன் பாடல் ஒன்றுடன் வந்தார்.

ரெகேக்கான கிராமிப் பிரிவு 1985இலேயே தொடங்கிவிட்டது. அந்த இசைக்குப் பெயர் கொடுத்தவரிடம் விருது வந்துசேர மேலும் 20 ஆண்டுகள் எடுத்தன. பாடல்கள் புதியவை அல்ல. அட்டையில் இருந்த பெயர்கள்தான் புதியவை. உலகத்தின் காது எப்படித் திறக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரியாது.

அல்பத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது '54-46 வோஸ் மை நம்பர்'. 1966இல் 'பாம் பாம்' பாடலுக்காக ஜமைக்காவின் சுதந்திர விழாப் போட்டியில் வென்ற டூட்ஸ், கஞ்சா வழக்கொன்றில் சிறை சென்றார். தான் குற்றமற்றவன் என்றே பின்னர் சொல்லிவந்தார். அந்த அனுபவத்திலிருந்து பிறந்த பாடல் இது. ஒரு மனிதன் இலக்கமாக்கப்படுவது என்றால் என்னவென்று எம் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. புதிய பதிவில் ஜெஃப் பெக் கிற்றார் வாசிக்கிறார். சிறைக்குப் போகாத ஒருவரின் கிற்றார், சிறைக்குப் போனவரின் பாடலில் என்ன செய்யும் என்ற சந்தேகத்துடன்தான் கேட்டேன். கிற்றார் பக்கத்தில் நிற்கிறது. கதையைச் சொல்வது டூட்ஸின் குரல்தான்.

ஆதரவுக்கும் அபகரிப்புக்கும் இடையிலான கோடு அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். பாதிக்கப்பட்டவரின் கதைக்குப் பிரபலம் ஒருவர் வருவது தவறல்ல. வந்தவர் கதைசொல்லியின் இடத்தில் அமர்ந்துகொள்கிறாரா என்பதே கேள்வி. டூட்ஸ் அந்த இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை. பனி வெய்லர், மார்சியா கிரிஃபித்ஸ், கென் பூத், யூ-ரோய் போன்ற தன் மண்ணின் கலைஞர்களையும் அதே அல்பத்தில் கூட்டிவந்தார். வெளிநாட்டு நட்சத்திரங்களைத் தேடி வந்த இரசிகர் இவர்களையும் கேட்டுவிட்டுத்தான் போகவேண்டியிருந்தது.

ஆனாலும் ஒரு கசப்பு மிஞ்சுகிறது. இறப்பதற்குச் சில வாரங்கள் முன்பு அவர் வெளியிட்ட 'கொட் டு பி டஃப்' அல்பத்துக்கு 2021 மார்ச்சில் மீண்டும் கிராமி கிடைத்தது. இம்முறை அது விருந்தினர் பட்டியலை நம்பி நின்ற அல்பம் அல்ல. ஆனால் விருதை வாங்க அவர் இருக்கவில்லை.