ஏ சித்தி எடுத்த பிள்ளை ஹெக்ஸோ பிளேட்டை மறுபக்கம் பார்த்துப் பூட்டினான். குற்றவாளிகள் நாம்தான்



இது நீண்ட பதிவு. கோபம் வருகிறவர்கள் கடைசிவரை வாசித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

எங்களிடம் படித்த ஒரு பிள்ளை. சாதாரண தரத்தில் வடிவமைப்பும் இயந்திரத் தொழினுட்பவியலும் பாடத்தில் ஏ சித்தி. கட்டாருக்குப் போக விண்ணப்பித்து, கொழும்பில் வைத்த செய்முறைச் சோதனைக்குப் போயிருக்கிறான். ஒரு ஹெக்ஸோ பிரேம், புது பிளேட் ஒன்று, 40 மில்லிமீற்றர் அகலமான பிளாட் அயன் துண்டு ஒன்று. கோடு கீறி நேராக அறுத்து, அரத்தால் ராவிக் காட்டச் சொல்லியிருக்கிறார்கள். பிள்ளை பிளேட்டைப் பூட்டினான். பல் கைப்பிடியைப் பார்த்தபடி இருந்தது. சோதனை எடுத்தவர் ஒன்றும் சொல்லவில்லையாம். பெயருக்கு நேரே எதையோ எழுதிவிட்டு அடுத்தவனைக் கூப்பிட்டாராம்.

பிட்டராகப் போயிருக்க வேண்டியவன் ஹெல்ப்பராகப் போனான். போவதற்கு முதல் நாள் சலாம் சொல்ல வந்தவன் சொன்னான்: "சேர், நீங்க தந்த நோட்ஸ் எல்லாம் பாடம்தான். பிளேட் எந்தப் பக்கம் பூட்டுற எண்டு கேள்வி ஒண்டும் வரல்லயே சேர்."

கோபத்தில் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டு சொன்னான். அதுதான் சுட்டது.

ஆகவே இந்தப் பதிவில் "நாம்" என்று வரும் இடமெல்லாம் மரியாதைப் பன்மை என்று நினைக்க வேண்டாம். இந்தப் பாடங்களைப் படிப்பிக்கிற நாம், பிள்ளைகளை அனுப்புகிற நாம், கடையில் போய் "ஒரு பிளேட் தாங்க" என்று வாங்கி வருகிற நாம். எல்லோரும்தான்.

முதலில் எங்கள் பக்கத்துக் கதை. 6ஆம் தரத்திலிருந்தே செயன்முறையும் தொழினுட்பத் திறன்களும் என்றொரு பாடம் இருக்கிறது. 2013இல் உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவே வந்தது. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் தொழினுட்ப பீடம் இருக்கிறது. ஏணியின் மேற்படி எல்லாம் கட்டியாயிற்று. கீழ்ப்படியில் என்ன நடக்கிறது? ஹெக்ஸோ அலுமாரிக்குள் இருக்கிறது. அலுமாரிக்குப் பூட்டு. சாவி யாரிடம் என்பது வேறு கதை.

ஏன் பூட்டு? பொருட் பதிவேட்டில் ஏற்றியிருக்கிறோம். ஆண்டு முடிவில் கணக்கெடுக்க வருவார்கள். பிளேட் உடைந்தால் யார் பதில் சொல்வது? அதனால் படத்தைக் கரும்பலகையில் கீறி, "பாகங்களைப் பெயரிடுக" என்று முடித்துவிடுகிறோம். பிளேட் என்பது தேய்ந்து தீர்ந்துபோவதற்கென்றே செய்த சாமான். சோக்கட்டி மாதிரி. சோக்கட்டி தேய்ந்ததற்கு யாராவது எங்களிடம் விளக்கம் கேட்டிருக்கிறார்களா? வருட முடிவில் பிளேட் எல்லாம் புதிதாகவே இருக்கிறது என்றால் அந்த வகுப்பில் ஒன்றும் நடக்கவில்லை என்றுதான் அர்த்தம். உடைந்த பிளேட் எத்தனை என்று கேட்கிற அதிகாரி ஒருவர் வந்தால் அவருக்கு நாமே தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்போம்.

"இந்தக் காலத்தில ஹெக்ஸோவா சேர்? எல்லாரிட்டயும் கிரைண்டர் இரிக்கே" என்பார்கள். வெல்டிங் கடைக்காரர் தொடக்கம் படித்தவர்கள் வரை இதே பேச்சு. இதற்குப் பதில் சொல்லாமல் விடேலாது.

கிரைண்டருக்கு நாம் எதிரி அல்ல. ஒரு கூரை வேலைக்கு அங்கிள் அயன் ஐம்பது துண்டு வெட்ட வேண்டியவரிடம் போய் ஹெக்ஸோவைக் கொடுப்பது அநியாயம். ஆனால் எங்கள் ஊரில் கிரைண்டர் எப்படிப் பிடிக்கப்படுகிறது என்று கொஞ்சம் நின்று பாருங்கள். சாரனைக் கட்டிக்கொண்டு, செருப்புக் காலோடு, கண்ணாடி இல்லாமல், சில்லுக்கு மேலிருக்கும் காவலைக் கழற்றி எறிந்துவிட்டு. நிமிடத்துக்குப் பதினோராயிரம் சுற்றுச் சுற்றுகிற சில்லு அது. 1 மில்லிமீற்றர் தடிப்பான அந்தச் சில்லு கொஞ்சம் சரிந்து பிடித்தால் வெடிக்கும். இன்னும் சிலர் அதிலேயே மரம் அறுக்கும் பல்சில்லைப் பூட்டுகிறார்கள். கையில்லாமல் போவதற்கு அதைவிடக் குறுக்கு வழி கிடையாது.

பிறகு பொறி. கடற்கரை ஊர்க்காரர்களுக்கு இது முக்கியம். கிரைண்டரிலிருந்து பறக்கும் பொறி என்பது கொதிக்கும் இரும்புத் தூள். பக்கத்தில் கிடக்கும் சிங் சீட்டில், ஜி.ஐ. பைப்பில் விழுந்து ஒட்டிக்கொள்ளும். எங்கள் உப்புக்காற்றில் ஒட்டின புள்ளியெல்லாம் கொஞ்ச நாளில் செம்புள்ளியாகும். "சீட் போலிச் சாமான்" என்று கடைக்காரரைத் திட்டுவோம். வெட்டின வாயில் நாகப்பூச்சு போவது ஹெக்ஸோவிலும் நடக்கும், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு அந்த வாயில் மட்டும் பெயின்ற் பூசினால் போதும்.

2022 மார்ச் கடைசியை மறந்துவிட்டோமா? நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லை. ஜெனரேற்றருக்கு டீசல் இல்லை. ஊரில் கிரைண்டர்கள் எல்லாம் மேசையில் படுத்துக் கிடந்தன. ஒரு அரை அங்குலப் பைப்பை வெட்டி வீட்டுக்குத் தண்ணி எடுக்க முடியாமல் கரண்ட் வரும்வரை காத்திருந்த இளைஞர்களை நாம் பார்த்தோம். வீட்டில் வாப்பாவின் பழைய பிரேம் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். "அது வெட்டாது சேர்" என்றார்கள்.

வெட்டாது! இந்தச் சொல்லோடுதான் எங்கள் சண்டை. ஹெக்ஸோ வெட்டாமல் போவதில்லை. பிழையான பிளேட் வெட்டாது. பிழையாகப் பூட்டின பிளேட் வெட்டாது. அவசரக்காரன் கையில் எந்த பிளேட்டும் வெட்டாது.

கடையில் கேட்கிற விதத்திலேயே பிழை தொடங்குகிறது. "ஹெக்ஸோ பிளேட் ஒண்டு தாங்க காக்கா." எத்தனை பல்? எதை வெட்ட? கேட்பதும் இல்லை, சொல்வதும் இல்லை. கடைக்காரர் பெட்டியில் கைவைத்து ஆகக் குறைந்த விலையில் இருப்பதை எடுத்துத் தருவார். பிளேட்டின் பக்கத்தில் ஓர் எண் அடித்திருக்கும்: 18, 24, 32. ஓர் அங்குலத்துக்கு எத்தனை பல் என்பது அது. சட்டம் ஒன்றே ஒன்றுதான். எந்த நேரமும் குறைந்தது மூன்று பல்லாவது இரும்பில் பிடித்திருக்க வேண்டும். 18 பல் பிளேட்டில் மூன்று பல்லுக்கு 4 மில்லிமீற்றருக்குச் சற்றுக் கூடத் தடிப்பு வேண்டும். 24இல் 3 மில்லிமீற்றருக்குச் சற்றுக் கூட. 32இல் ஏறத்தாழ 2.4. இப்போது கணக்கைப் பாருங்கள். கட்டிக் கம்பிக்கும் தடித்த அங்கிள் அயனுக்கும் 18 நல்லது. பொதுவான வீட்டு வேலைக்கு 24. தண்ணிக் குழாய், மெல்லிய தகடு, இதற்கெல்லாம் 32. மெல்லிய பைப்பை 18ஆல் அறுக்கப் போனால் சுவர் இரண்டு பல்லுக்கு நடுவே விழும். ஒரு பல் பறக்கும். அதற்குப் பக்கத்துப் பல் இரட்டிப்புப் பாரம் தாங்கி அதுவும் பறக்கும். அரை நிமிடத்தில் பிளேட் பொக்கைவாய்க் கிழவன். "சைனாச் சாமான் சேர்!" சைனாக்காரன் என்ன செய்வான், பாவம்.

1.2 மில்லிமீற்றர் பொக்ஸ் பாரில் 32 பல்லும் மூன்று பிடிக்காது. உள்ளே இறுக்கமாக ஒரு மரக்கட்டையைச் செருகி மரத்தோடு சேர்த்து அறுங்கள். அல்லது வாளை நன்றாகச் சரித்துப் பிடியுங்கள். சரித்தால் ஒரே நேரத்தில் கூடப் பற்கள் தொடும். பைப் என்றால் ஒரே மூச்சில் ஊடறுக்க வேண்டாம். சுவர் அறுபட்டதும் பைப்பைக் கொஞ்சம் உருட்டி அடுத்த பக்கம். குழாய் வேலை செய்கிற பழைய ஆட்கள் எல்லோரும் இப்படித்தான் செய்வார்கள். அவர்களுக்கு நோட்ஸ் கொடுத்தவர் யாரும் இல்லை.

இனி விலை. கடையில் மூன்று சாதி பிளேட் கிடைக்கும். ஆக மலிவானது கார்பன் உருக்கு, மெல்லிரும்புக்குப் போதும், சீக்கிரம் மொட்டையாகும். முழுவதும் ஹைஸ்பீட் உருக்கால் ஆனது நல்ல கூர், ஆனால் கொஞ்சம் முறுகினால் கண்ணாடி மாதிரி ஒடியும், பிள்ளைகள் கையில் கொடுக்கக் கூடாது. மூன்றாவது பைமெற்றல். பல் மட்டும் ஹைஸ்பீட், முதுகு வளைந்து கொடுக்கும் உருக்கு, இரண்டையும் ஒட்டவைத்துச் செய்தது. கையில் வளைத்துப் பாருங்கள், வில் மாதிரி வளைந்து திரும்பும். பாஹ்கோவின் சாண்ட்பிளெக்ஸ் இந்தச் சாதிதான், வேறு கம்பனிகளும் செய்கின்றன. மலிவு பிளேட் நாலைந்தை உடைக்கிற காசுக்கு இதில் ஒன்று. ஒரு கொத்துரொட்டிக் காசு. அதற்குக் கணக்குப் பார்க்கிற நாம்தான் ஆறு மாதத்துக்கொரு போன் மாற்றுகிறோம்.

பிரேமும் சரியாக இருக்க வேண்டும். மெல்லிய தகட்டில் மடித்த பிரேம் இறுக்கும்போதே கோணும். கோணின பிரேமில் நேராக அறுக்க எந்த அவுலியாவாலும் ஏலாது. கடையிலேயே பிளேட்டைப் பூட்டி இறுக்கிப் பாருங்கள், காக்கா முறைத்தால் முறைக்கட்டும். உள்ளங்கையில் வைத்து முறுக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இப்போது அந்தப் பிள்ளைக்கு நாம் சொல்லிக் கொடுக்காத விசயம். பல்லின் கூர் முன்னுக்குப் பார்க்க வேண்டும், கைப்பிடிக்கு எதிர்ப்பக்கம். அனேகமான பிளேட்டில் அம்புக்குறியே போட்டிருப்பார்கள். தள்ளும்போது வெட்டும், இழுக்கும்போது சும்மா வரும். நகைத் தட்டாரின் சிறு வாள் இழுக்கும்போது வெட்டும், அதைப் பார்த்துக் குழம்பக் கூடாது. பிறகு இறுக்கம். செட்டைச் சுரையைக் கையால் நன்றாக இறுக்கி, பிளேட்டை விரலால் தட்டினால் தந்தி மாதிரிக் கணீரென்று கேட்க வேண்டும். தொய்ந்த பிளேட் அலையும், கோடு கோணும், கடைசியில் ஒடியும்.

அறுக்கும்போது எங்கள் பிள்ளைகள் செய்வதைப் பாருங்கள். நடுவில் மூன்று அங்குலத்தை மட்டும் வைத்து, கோழி கொத்துகிற வேகத்தில் அடிப்பார்கள். 12 அங்குலத்துக்குக் காசு கொடுத்து 3 அங்குலத்தில் சீவியம். பல் சூடாகும், மொட்டையாகும், வேர்வை மட்டும் மிச்சம். நிமிடத்துக்கு 40 முதல் 60 தள்ளல் போதும். முழு நீளத்துக்கும் தள்ள வேண்டும், இழுக்கையில் பாரத்தை எடுத்துவிட வேண்டும். தொடக்கத்தில் அரத்தால் ஒரு சிறு வடு போட்டுக்கொண்டால் பிளேட் வழுக்காது. இரும்புக்கு இரண்டு சொட்டு எண்ணெய். வார்ப்பிரும்புக்கும் பித்தளைக்கும் வேண்டாம். துண்டு விழப்போகும் கடைசியில் கையைத் தளர்த்த வேண்டும். விரல் கிழிவதெல்லாம் அந்தக் கடைசி நொடியில்தான்.

பாதியில் பிளேட் உடைந்தால்? புது பிளேட்டைப் பழைய வெட்டுக்குள் விடாதீர்கள். பழையதின் பல் பக்கவாட்டில் தேய்ந்திருக்கும், அது அறுத்த வழி ஒடுங்கியிருக்கும். புதியது இறுகி அதுவும் போகும். மறுபக்கத்திலிருந்து தொடங்குங்கள். இதை ஒருவன் கையால் ஒருமுறை அனுபவித்தால் ஆயுளுக்கும் மறக்க மாட்டான். நாம் பத்து வருடம் வாயால் சொல்லியும் ஒருவனுக்கும் நினைவில்லை.

பெற்றோரிடமும் ஒன்று. "எங்கட புள்ள கராஜில கிடக்கவா படிக்கிற?" என்று ஓர் உம்மா எங்களிடம் கேட்டார். அந்தக் கேள்வியில் இருக்கும் அருவருப்பு எங்கிருந்து வந்தது? தாவூத் நபி (அலை) அவர்கள் இரும்பால் கவசம் செய்தவர்கள், தம் கையுழைப்பில் உண்டவர்கள். ஜும்ஆவில் கேட்கிறோம், தலையாட்டுகிறோம். வீட்டுக்கு வந்து இரும்பு பிடிக்கிறவனுக்குப் பெண் கொடுக்க யோசிக்கிறோம். ஆனால் இயந்திரப் படகின் எஞ்சின் தாங்கியில் துருப்பிடித்த போல்ட் ஒன்றை அறுக்க வேண்டும் என்றால், உல்லையில் ஹோட்டல்காரரின் தண்ணிக் குழாய் உடைந்தால், லேண்ட்மாஸ்டர் வயலில் நின்றுவிட்டால் அவனைத்தான் தேடி ஓடுகிறோம்.

போன தவணையிலிருந்து நாம் செய்வது இவ்வளவுதான். பிளேட்டை அலுமாரியிலிருந்து எடுத்து மேசைக்குக் கொண்டுவந்தோம். வெல்டிங் கடைகளில் எறிகிற துண்டு இரும்பைச் சாக்கில் கட்டி எடுத்தோம். பிள்ளைக்கு ஒரு துண்டு, ஒரு கோடு, ஒரு வெட்டு. முதல் நாள் ஏழு பிளேட் உடைந்தது. சக ஆசிரியர் ஒருவர் பயந்துபோனார். நான்காம் கிழமை ஒன்று. ஒரு பெண்பிள்ளை அறுத்த வாயில் மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தோம், வெளிச்சம் தெரியவில்லை. எங்கள் கையால் அப்படி வராது, உண்மையைச் சொல்கிறோம்.

இன்னும் பிரேம்கள் வேண்டும். வைஸ் இரண்டு இருந்தால் பெரிய உதவி. உங்கள் வீட்டுச் சுவரில், படகுக் கொட்டிலில், மூத்தாப்பாவின் பெட்டியில் கிடக்கும் பழைய ஹெக்ஸோவைக் கொண்டுவந்து தாருங்கள். துருப்பிடித்திருந்தாலும் பரவாயில்லை, செட்டைச் சுரை இறுகிப் போயிருந்தால் மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழற்றிக்கொள்கிறோம். ஒரேயொரு வேண்டுகோள்: பிளேட்டைக் கழற்றாமல் அப்படியே கொண்டுவாருங்கள். பல் எந்தப் பக்கம் பார்த்துப் பூட்டியிருக்கிறீர்கள் என்று முதலில் பிள்ளைகள் பார்க்கட்டும்.